கூண்டைத் திறந்தாலே பாயுற வளர்ப்புப் பாம்பு: பழக்க முடியுமா?

கேள்வி | 2 மார்ச் 2024

அக்கா, நான் ஹூஸ்டன்ல இருக்கேன். நாலு மாசம் முன்னாடி, ஊர் மாறிப் போறவர் ஒருத்தர்கிட்ட இருந்து கலிஃபோர்னியா கிங் ஸ்நேக்னு விஷமில்லாத பாம்பு ஒண்ணு வாங்கினேன். ஆண், நாலடி இருக்கும், கறுப்பு வெள்ளைப் பட்டை. தொட்டி மூடியைத் தூக்கினாலே பாயுது. இதுவரை மூணு கடி வாங்கியாச்சு. ஒரு தடவை வாலைப் படபடன்னு ஆட்டி, நாத்தம் பிடிச்ச எதையோ கையில பீச்சிடுச்சு. வீட்டுல திருப்பிக் குடுத்துடுங்கன்னு ஒரே பேச்சு. இது பிறவிக் கோபமா, இல்ல பழக்கினா மாறுமா?

2 மார்ச் 2024, இரவு

தம்பி, "கோபம்"ங்கிற வார்த்தையை ஒரு வாரம் ஒதுக்கி வைங்க. ஒன்பது வருஷமா பாம்பு வளர்க்குறேன். கோபத்துல கடிச்ச பாம்பை நான் பார்த்ததில்லை. பசியில கடிக்கும், பயத்துல கடிக்கும். உங்க பாம்பு இதுல எதுன்னு தெரியாம என்ன செஞ்சாலும் குருட்டு வைத்தியம்தான்.

என்கிட்ட இருக்கிறது ஜங்கிள் கார்ப்பெட் பைத்தான். ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு மலைப்பாம்பு வகை. பேரு மிளகி. 2015ல ஆர்லிங்டன்ல நடக்குற ஊர்வனக் கண்காட்சியில ஒரு குட்டியா வாங்கினேன், பென்சில் தடிமன்தான் இருந்தா. இப்போ ஆறடிக்குக் கொஞ்சம் மேல. இந்த வகையில குட்டிங்க எல்லாமே கொத்தும். காட்டுல அந்த அளவுக் குட்டியைப் பறவை, உடும்பு, பெரிய தவளைகூட முழுங்கிடும், அதனால பெருசா எது அசைஞ்சாலும் முதல்ல கொத்திப் பார்க்கும். வளர வளர அடங்கும்னு சொல்வாங்க. மிளகியும் ரெண்டு வருஷத்துல அடங்கினா. ஆனா 2018ல, வளர்ந்த பிறகு, ஒரு ஆறு மாசம் பேய் பிடிச்ச மாதிரி இருந்தா. அவளை நான் பழக்கித்தான் மீட்டேன். தினம் பத்து நிமிஷம், விடாம ஆறு வாரம். அதனால முடியும். நம்பிக்கையை விடாதீங்க.

முதல் வேலை, கழுத்தைப் பாருங்க. பயந்த பாம்பு உடம்பைச் சுருட்டி, கழுத்தை "S" மாதிரி மடிச்சு, பின்னுக்கு இழுத்து வச்சிருக்கும். சீறும், வாலை ஆட்டும். கொத்தினா சட்டுனு கொத்திட்டு விட்டுடும், பல நேரம் வாயைத் திறக்காமலே முட்டும். பசிச்ச பாம்பு இப்படிப் பின்வாங்காது. தலை முன்னால வரும், நாக்கு வேகமா ஆடும், கண் உங்க கை போற பக்கமே திரும்பும். கடிச்சா விடாது. சுத்திக்கும். மெல்லும்.

நீங்க வாலாட்டல், நாத்தம்னு எழுதினதைப் பார்த்தா எனக்குப் பயம்னுதான் தோணுது. இன்னொண்ணு, உங்க கைச்சூடு. உதட்டோரம் இருக்கிற வெப்பக்குழி வழியா கை அதுக்குச் சூடான எலி மாதிரி தெரியும். கூண்டைத் திறந்ததும் ஒரு கொக்கியால உடம்பு நடுவுல மெதுவா ரெண்டு தட்டு தட்டிட்டு அப்புறம் தூக்குங்க. தட்டினா சோறு இல்லைன்னு அது கத்துக்கும்.

3 மார்ச் 2024, காலை

ராத்திரி எழுதினதுல ஒரு பெரிய தப்பு. கிங் ஸ்நேக்குக்கு வெப்பக்குழியே கிடையாது. அது மலைப்பாம்புக்கும் குழிவிரியனுக்கும் போவாவுல சில வகைக்கும்தான். என் பாம்பு ஞாபகத்துலயே உங்க பாம்புக்கு எழுதிட்டேன், மன்னிச்சிக்குங்க.

கிங் ஸ்நேக்குக்கு உலகமே வாசனைதான். நாக்கை நீட்டிக் காத்துல இருக்கிறதை ஒத்தி எடுத்து, மேலண்ணத்துல இருக்கிற ஜேக்கப்சன் உறுப்புல கொண்டுபோய் வச்சுப் பார்க்குது. எலி, பல்லி, முட்டை, இன்னொரு பாம்பு, எது கிடைச்சாலும் தின்னும். ராட்டில்ஸ்நேக்கையே தின்னும், அதோட விஷம் இதுக்கு அவ்வளவா ஏறாது. பேருல கிங் வந்ததே அதனாலதான். எக்காரணத்துக்கும் துணைக்குன்னு இன்னொரு பாம்பைக் கூட விட்டுடாதீங்க.

வாலை ஆட்டுறதும் காஞ்ச இலையில ராட்டில்ஸ்நேக் மாதிரி சத்தம் வரத்தான். அதுவரைக்கும் பயம்னு நான் சொன்னது சரி. ஆனா கடி பயத்தாலயான்னு இப்போ சந்தேகமா இருக்கு. கடிச்சப்போ என்ன ஆச்சுன்னு சொல்லுங்க: விட்டுச்சா, மென்னுச்சா? என்ன போடுறீங்க, எத்தனை நாளுக்கு ஒரு தடவை? தொட்டி மேல திறக்குமா, முன்னால திறக்குமா? அதே அறையில வேற என்ன இருக்கு?

5 மார்ச் 2024

தம்பி அனுப்பின பதிலைச் சுருக்கி எழுதுறேன், இதே கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு உதவும். மூணு கடியிலயும் விடலை. விரலைச் சுத்திட்டு மென்னிருக்கு. பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை ஒரு சின்ன எலிக்குஞ்சு போடுறார், பழைய சொந்தக்காரர் அப்படிச் சொல்லிட்டுப் போனாராம். தொட்டி மேல திறக்குறது. அதே அறையில மகளோட ஹாம்ஸ்டர், எலி மாதிரி ஒரு குட்டி வளர்ப்புப் பிராணி. தினம் சாயங்காலம் ஹாம்ஸ்டர் கூண்டைச் சுத்தம் பண்ணிட்டு, அதே கையோட பாம்பைத் தூக்குறார்.

நாலடிப் பாம்புக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒரு எலிக்குஞ்சுங்கிறது, ஆளான பையனுக்கு ஒரு இட்லியை வச்சுட்டுப் பந்தியை எடுத்துட்ட மாதிரி. அந்தப் பசியோட இருக்கு, அதுக்கு மேல தினம் ஹாம்ஸ்டர் வாசம் தடவின விரல் ஒண்ணு மேலே இருந்து இறங்குது. அது வேற என்னதான் செய்யும்? பயம்னு நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். இது பசி.

என்ன செய்யணும்னு சொல்றேன். ஹாம்ஸ்டர் இன்னிக்கே வேற அறைக்குப் போகட்டும், கதவு சாத்தியே இருக்கட்டும். அதோட நல்லதுக்கும் அதான். பாம்பைத் தொடுறதுக்கு முன்னாடி வாசனை இல்லாத சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, தொட்ட பிறகும் கழுவுங்க. ஊர்வன எல்லாத்துக்கிட்டயும் சால்மொனெல்லா இருக்கலாம், அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்க தொடவே கூடாது. சாப்பாட்டை ஒரேயடியா ஏத்தாதீங்க. அடுத்த வேளை ஒரு நடுத்தரச் சுண்டெலி, பத்து நாள் கழிச்சு ஒரு பெரிய சுண்டெலி, அது நல்லபடியா செரிச்சா ரெண்டு. பாம்போட உடம்புல தடிச்ச இடம் எவ்வளவோ எலி தடிமன் அவ்வளவு, அதுதான் கணக்கு. ஃபிரீசர் எலியை உருக்கிச் சூடு பண்ணி நீள இடுக்கியில குடுங்க, கையால வேண்டாம். சாப்பிட்ட பிறகு ரெண்டு நாள் தூக்கக் கூடாது, தூக்கினா கக்கிடும்.

கொக்கி வாங்கணும்னு அவசியம் இல்ல. பேப்பர் டவல் தீர்ந்ததும் மிஞ்சுமே அந்த அட்டைக் குழாய், அது போதும். திறந்து, அட்டையால உடம்பு நடுவுல தட்டி, நாக்காட்டம் நிதானமான பிறகு தூக்குங்க. தலைக்கு மேல இருந்து கையை இறக்காதீங்க, பருந்து அப்படித்தான் வரும். பக்கவாட்டுல, உடம்போட நடுவுல, ரெண்டு கையையும் அடியில குடுத்து எடுங்க.

6 மார்ச் 2024

கடிச்சு மாட்டிக்கிட்டா இழுக்காதீங்கன்னு நேத்து சொல்ல விட்டுப் போச்சு. பல்லெல்லாம் உள்பக்கம் வளைஞ்ச ஊசி, இழுத்தா உங்க தோல் கிழியும், பல் உடைஞ்சு அதுக்கு வாயும் புண்ணாகும். வாலுல இருந்து சுத்தைப் பிரிங்க, கழுத்துப் பக்கத்துல இருந்து பிரிச்சா இறுக்கும். பிறகு குளிர்ந்த தண்ணிக் குழாய்க்கு அடியில காட்டுங்க. விடலைன்னா வாயோரத்துல ஒரு சொட்டு மவுத்வாஷ். தலையை லேசா கடிச்ச பக்கமே தள்ளிக் குடுத்தா பல் கழண்டுக்கும்.

2018 ஆகஸ்ட்ல மிளகி என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடிச்சா. வலின்னு சொன்னா ரோஜா முள்ளு அளவுதான். ரத்தம்தான் நிக்காம வந்துச்சு, வரிசையா ஊசிமுனைப் புள்ளி, ஒவ்வொண்ணுலயும் ஒரு முத்து. வாஷ்பேசின்ல ரெண்டு நிமிஷம் நின்னேன். அவ கண்ணு இமைக்காம என்னையே பார்த்துட்டு இருந்த மாதிரி இருந்துச்சு. பாம்புக்கு இமையே கிடையாது, இருந்தாலும் அப்படித் தோணுச்சு. எட்டாம் நாள் அந்த இடத்துல இருந்து மயிரிழை மாதிரி ஒரு பல்முனை வெளிய வந்துச்சு. சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவினா ஆறிடும், டெட்டனஸ் ஊசி காலாவதி ஆகாம பார்த்துக்குங்க.

10 மார்ச் 2024

பழைய கடியைப் பத்தி எழுதினதுல அம்மா ஞாபகம் வந்துடுச்சு. அந்த வருஷம் ஜூன்ல இருந்து ஆறு மாசம் அம்மா எங்க வீட்டுல, பிளேனோவுல இருந்தாங்க. எங்க ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வைக்கோல்போருல சாரை கெடக்கிறது அங்க சாதாரணம். ராத்திரியில பாம்புன்னு பேர் சொல்ல விடமாட்டாங்க, "பூச்சி"ம்பாங்க. பொண்ணு வீட்டு ஹாலுல கண்ணாடிக் கூண்டுக்குள்ள அதை விளக்குப் போட்டு வச்சிருக்கான்னதும் அம்மாவுக்கு முதல் வாரம் தூக்கமே இல்ல. வெள்ளிக்கிழமை ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கூண்டு முன்னாடி வச்சாங்க. பாம்புக்குப் பால் செரிக்காதும்மா, அது தண்ணிதான் குடிக்கும்னு சொன்னேன். "கோயில்ல குடிக்குதே"ன்னாங்க. தவிச்ச வாய்க்கு எதைக் குடுத்தாலும் குடிக்கும்மான்னேன். அன்னிக்கு மத்தியானமே தண்ணிக் கிண்ணத்தை அவங்களே தேய்ச்சு வச்சாங்க. அதுக்கப்புறம் கிண்ணம் அவங்க வேலை ஆயிடுச்சு.

நான் ஆபீஸ் போற நாள்ல நோட்டும் அவங்கதான் எழுதுவாங்க. ஒரு நூறு பக்க நோட்டு வச்சிருந்தேன், சாப்பிட்ட தேதி, சட்டை உரிச்ச தேதி, எடை, கொத்தினாளா இல்லையான்னு. ஊருக்குப் போன பிறகும் போன்ல முதல் கேள்வி, "பூச்சி சாப்பிட்டுச்சா?"

அந்த நோட்டை எங்க வச்சேன்னு தேடணும்.

17 மார்ச் 2024 | கேள்வி கேட்டவர்

அக்கா, ஹாம்ஸ்டர் இப்போ மகள் அறையில. புதன்கிழமை ஒரு பெரிய சுண்டெலி குடுத்தேன், இடுக்கியோட சேர்த்து இழுத்துட்டான்! நேத்து அட்டையால தட்டினதும் தலையைப் பின்னுக்கு இழுத்துட்டு அப்படியே இருந்தான். தூக்கினேன். வாலை ஆட்டினான், நாத்தமும் விட்டான், ஆனா கடிக்கலை. நாலு மாசத்துல முதல் தடவை.

17 மார்ச் 2024

படிச்சிட்டு எழுந்து நின்னுட்டேன் தம்பி. வாலாட்டுறதும் நாத்தமும் மேல திறக்குற தொட்டிக்காக. அது பயம்தான், மிச்சம் இருக்கு. தொட்டிக்குள்ள ரெண்டு மூலையிலயும் ஒளிஞ்சுக்க இடம் வைங்க, சூட்டுப் பக்கம் ஒண்ணு, குளிர்ப் பக்கம் ஒண்ணு. உடம்பு நாலு பக்கமும் உரசுற மாதிரி குறுகலா இருக்கணும். ஒண்ணுதான் இருந்தா சூடு வேணுமா பாதுகாப்பு வேணுமான்னு தினம் அது தவிக்கும்.

19 மார்ச் 2024

நோட்டு கிடைச்சிடுச்சு. ரெண்டு ராத்திரி அதோட உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் நான் எழுதினதை இப்போ திருத்தியே ஆகணும்.

மிளகியைத் தினம் பத்து நிமிஷம் தூக்கிப் பழக்கி மீட்டேன்னு எழுதினேன் இல்லையா. ஆறு வருஷமா எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன். நேர்ல வந்து கேட்டவங்களுக்கும் அதையேதான் சொன்னேன், "விடாம தூக்குங்க, கடிச்சாலும் கீழ விடாதீங்க, விட்டா கடிச்சா விட்டுடுவாங்கன்னு கத்துக்கும்." நோட்டு வேற சொல்லுது.

2018 ஏப்ரல் வரைக்கும் "கொத்தல் இல்லை"ன்னுதான் வரிசையா இருக்கு. மே 12ல முதல் கொத்தல். ஜூன்ல நாலு. ஜூலையில ஒன்பது. ஆகஸ்ட் 19ல அந்தக் கட்டைவிரல் கடி. செப்டம்பர் முழுக்க, நான் தூக்கின நாளெல்லாம். அக்டோபர் 6ல மருத்துவரைப் பார்த்திருக்கேன். கடைசிக் கொத்தல் அக்டோபர் 21. பழக்கம் ஆரம்பிச்சது, என் கையெழுத்துலயே சிவப்பு மையில இருக்கு, நவம்பர் 4.

நான் பழக்க ஆரம்பிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அவ கொத்துறதை நிறுத்திட்டா.

நடந்தது இதுதான். ஏப்ரல் கடைசியில கூண்டைக் கழுவி, அடியில சூடு குடுக்கிற ஹீட் மேட்டைத் திரும்ப ஒட்டினப்போ, அந்தச் சூட்டை அளவா நிறுத்துற தெர்மோஸ்டாட்டோட உணரி ஒயர் மேட்டை விட்டு நழுவிப் பக்கத்துல விழுந்திருக்கு. உணரி காட்டுறது குளிர்ந்த தரைச் சூடு, அதனால மேட் அணையவே இல்ல. கொதிச்சிருக்கு. மனுஷன் சுட்டா வெடுக்குனு எழுந்துடுவான். பாம்பு அப்படியில்ல. அடிவயித்துல சூடு ஏறினாலும் பல நேரம் விலகாது, சுகமா இருக்குன்னு அதுமேலயே கிடக்கும், வெந்துட்டே இருக்கும். வளர்ப்புப் பாம்புங்களுக்கு இந்தத் தீக்காயம் வர்றது ரொம்ப சகஜம்னு பிறகுதான் தெரிஞ்சுது. ஜூன்லயே ஒரு மருத்துவர்கிட்டக் காட்டினேன். அவர் கூண்டு மூடி வழியா பார்த்துட்டு "இந்த வகை அப்படித்தான்"னுட்டார், கவுத்துப் போட்டுப் பார்க்கலை. அவரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, நானும் நாலு மாசமா புரட்டிப் பார்க்கலையே. அக்டோபர்ல போனது ஊர்வனவுக்கே இருக்கிற மருத்துவர். எடுத்த எடுப்புல அடிவயித்தைத் திருப்பினாங்க. வாலுக்கு ஒரு சாண் முன்னாடி, அகலமான அடிச்செதில் ஏழு, பழுப்பேறி, ஓரம் நீர் கோத்து, ஒண்ணு ரெண்டு உரிஞ்சே போயிருந்துச்சு. சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு குடுத்தாங்க. வெறும் பேப்பர் விரிச்சு வைக்கச் சொன்னாங்க. மூணு வாரத்துல காயம் மூடிச்சு.

காயம் மூடினப்போ கொத்தலும் நின்னுச்சு. நான் அதைக் கவனிக்காம நவம்பர்ல பழக்க ஆரம்பிச்சு, பேரை எனக்கு எடுத்துக்கிட்டேன். அதுகூடப் பரவாயில்ல. செப்டம்பர் முழுக்க, வெந்து கிடந்த வயித்துல கை குடுத்துத் தூக்கி, கடிச்சாலும் கீழ விடாம பிடிச்சிட்டு இருந்திருக்கேன். அதை நினைச்சா ரெண்டு நாளா சோறு இறங்கலை.

இன்னொண்ணும் சொல்லணும். ஜூலை 9ன் பக்கத்துல அம்மா கையெழுத்து, நீல ரீஃபில்ல: "பூச்சி சாப்பிட்டது. தண்ணீர் மாத்தினேன். பின்பக்கம் தொட்டால் உடம்பு சுருங்குது. வலிக்குதோ என்னமோ." நான் அன்னிக்கு ராத்திரி அதுக்குக் கீழயே "எடை 1,640 கிராம்"னு எழுதியிருக்கேன். அந்த வரியைப் படிக்கலை. படிச்சிருந்தாலும் அம்மாவுக்குப் பாம்பைப் பத்தி என்ன தெரியும்னு விட்டிருப்பேன்.

20 மார்ச் 2024

அம்மாவுக்குப் போன் பண்ணினேன். ஜூலை 9ன் வரியைப் படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னாங்க, "நம்ம வீட்டு லட்சுமி மடி வீங்கினப்போ உதைச்சாளே, உங்கப்பா மாடு கெட்டுப்போச்சு, வித்துடலாம்னு நின்னாரே. நான்தான தொட்டுப் பார்த்தேன், மடி கொதிச்சுது. அதே மாதிரி இருந்துச்சு, அதான் எழுதி வச்சேன்." உன்கிட்ட வாயால சொல்லியிருக்கணும்டின்னாங்க. அவங்க சொல்லத்தான் செஞ்சாங்க. எழுத்துல சொன்னாங்க.

23 மார்ச் 2024

தம்பிக்கும், இதைப் படிக்கிறவங்களுக்கும். நல்லா இருந்த பாம்பு திடீர்னு கடிக்க ஆரம்பிச்சா பழக்கறதைப் பத்தி யோசிக்காதீங்க, முதல்ல கவுத்துப் பாருங்க. வயித்துச் செதில்ல நிறம் மாறியிருக்கா? கண்ணோரத்துலயும் தாடைக்கு அடியிலயும் மிளகுத்தூள் மாதிரி கறுப்பா நகருதா? அது பாம்புப் பேன், தண்ணிக் கிண்ணத்துலயே பாம்பு ஊறிக் கிடந்தா அதைச் சந்தேகப்படுங்க. மூச்சு விடும்போது கிளிக் சத்தம், வாயோரத்துல நுரை? அது மார்ச்சளி, தள்ளிப் போடாதீங்க. கண்ணு நீலம் பூத்தாப்போல மங்கியிருக்கா? அப்படின்னா சட்டை உரிக்கப் போகுது. பார்வை சரியாத் தெரியாது, எது கிட்ட வந்தாலும் பயந்து கொத்தும், உரிச்சு முடிக்கிற வரைக்கும் விட்டுடுங்க. ஆண் பாம்புன்னா இணைசேருற பருவத்துல சாப்பிடாம அலையும், அதுலயும் சில நேரம் சிடுசிடுப்பு இருக்கும்.

தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டும், கடையில விக்கிற சூட்டுக் கல்லும் வேண்டவே வேண்டாம். கிங் ஸ்நேக்குக்குச் சூட்டுப் பக்கம் 85ல இருந்து 88 டிகிரி ஃபாரன்ஹீட், குளிர்ப் பக்கம் 75க்குக் கீழ. நான் இப்போ வாரம் ஒரு தடவை துப்பாக்கி மாதிரி இருக்கிற வெப்பமானியை நீட்டித் தரைச் சூட்டை அளந்து பார்க்குறேன். தெர்மோஸ்டாட் காட்டுற எண்ணை நான் நம்புறதில்லை.

அட்டையால தட்டுற முறையை வாபஸ் வாங்கலை. பசியில பாயுற பாம்புக்கு அது நல்ல முறை, தம்பி பாம்பே சாட்சி. கடிச்சாலும் கீழ விடாதீங்கன்னு நான் யாருக்கெல்லாம் சொன்னேனோ, அதை மட்டும் மறந்துடுங்க.

30 மார்ச் 2024

மின்சாரம் போனா என்ன செய்றதுன்னு தம்பி கேட்டிருந்தார். 2021 பிப்ரவரி பனிப்புயல்ல டெக்சாஸ்ல இருந்தவங்களுக்கு அந்தக் கேள்வி அத்துப்படி. பிப்ரவரி 16ம் தேதி டாலஸ் விமான நிலையத்துல மைனஸ் 2 டிகிரி ஃபாரன்ஹீட். எங்க வீட்டுல ஒன்றரை நாள் கரண்ட் இல்ல, ஹாலுல 46 வரைக்கும் இறங்கிடுச்சு. கேஸ் அடுப்பு எரிஞ்சுது, அது ஒண்ணுதான் கடவுள் செயல். மிளகியைத் தலையணை உறையில போட்டு, முடிச்சுப் போட்டு, என் ஜாக்கெட்டுக்குள்ள நெஞ்சோட வச்சிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். சுடுதண்ணி பாட்டிலைப் பெரிய துண்டுல மூணு சுத்துச் சுத்தித்தான் பக்கத்துல வச்சேன், நேரா வைக்கலை. அந்தத் தீக்காயம் அந்த அளவுக்காவது எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்திருந்துச்சு. குளிர்ல பாம்புக்குச் செரிக்காது, அதனால ரெண்டு வாரம் சாப்பாடு குடுக்கலை. நாலு மணி வாக்குல உறைக்குள்ள மெதுவா நகர்ந்து, என் அக்குள் சூட்டைத் தேடி வந்து தலையை வச்சா. பிரியத்துல வந்தான்னு சொல்லமாட்டேன், சூடு தேடித்தான் வந்தா. எனக்கு அது போதும்.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்து. தம்பி வீட்டுல ஒருத்தர், "முடியலைன்னா கொண்டுபோய்க் காட்டுல விட்டுடுங்க, அதுவும் நல்லா இருக்கும்"னு சொன்னாராம். இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

உங்க பாம்போட இனமேதான் சாட்சி. ஸ்பெயினைச் சேர்ந்த கிரான் கனாரியா தீவுல இயற்கையா பாம்பே கிடையாது. யாரோ வளர்த்த கலிஃபோர்னியா கிங் ஸ்நேக்குங்க தப்பிச்சோ விடப்பட்டோ அங்க பெருகிடுச்சு. அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லி, பாம்பு பரவின பகுதியில கிட்டத்தட்ட இல்லாமலே போயிடுச்சு. அந்தப் பல்லிக்குப் பாம்புன்னா என்னன்னே தெரியாது, ஓடவும் தெரியாது.

ஃபுளோரிடாவுல எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துக் கதை எல்லாருக்கும் தெரியும், அங்க பர்மிய மலைப்பாம்பு பெருகிடுச்சு. வளர்க்க முடியாம விட்டவங்களும் தப்பவிட்டவங்களும் சேர்ந்து செஞ்சது. 2012ல அமெரிக்கா அதை இறக்குமதி பண்ணத் தடை போட்டுது, அதுக்குள்ள காரியம் கைமீறிப் போச்சு. 2017ல அதைப் பிடிக்க யாரைக் கூட்டிட்டு வந்தாங்க தெரியுமா? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் ரெண்டு பேர், மாசி சடையன், வடிவேல் கோபால். முதல் எட்டு நாள்ல பதிமூணு பிடிச்சாங்க, அதுல ஒண்ணு 16 அடிப் பெண் பாம்பு. உள்ளூர்க்காரங்க மேட்டுச் சாலையில வண்டியில போய்த் தேடுவாங்களாம், இவங்க புதருக்குள்ள இறங்கி, தடத்தையும் எச்சத்தையும் பார்த்துப் போனாங்க. 1978ல வடநெம்மேலியில ஆரம்பிச்ச இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம்தான் நம்ம நாட்டுப் பாம்புக்கடி மருந்துக்கான விஷத்துல பெரும்பகுதியை எடுத்துக் குடுக்குது, அந்த வழியில வந்தவங்க. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ குடுத்தாங்க. அன்னிக்கு ஆபீஸ்ல எல்லாருக்கும் லட்டு வாங்கிக் குடுத்தேன், எதுக்குன்னு கேட்டவங்களுக்கு உட்கார வச்சுக் கதை சொன்னேன்.

முடியவே இல்லைன்னா ஊர்வன மீட்பு மையத்துல ஒப்படைங்க. காட்டுல விடாதீங்க. ஊருல இருந்து படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு வார்த்தை: இதையெல்லாம் படிச்சிட்டு வயல்ல பிடிச்ச சாரையைக் கொண்டுவந்து வீட்டுல வைக்காதீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். அது அங்க எலி பிடிச்சிட்டு இருக்கட்டும்.

11 ஆகஸ்ட் 2024 | கேள்வி கேட்டவர்

அக்கா, தொந்தரவுக்கு மன்னிக்கணும், நல்ல செய்திதான். முன்னால திறக்குற கூண்டுக்கு மாத்திட்டேன். வாலாட்டுறது மூணு வாரத்துல நின்னுடுச்சு. மார்ச்ல 410 கிராம், இப்போ 560. போன வாரம் மட்டும் ஒரு தடவை கடிச்சான், எலியை உருக்கின கையைக் கழுவ மறந்துட்டேன். நீங்க சொன்னபடி வயித்தையும் புரட்டிப் பார்த்தேன், சுத்தமா இருக்கு. மகளும் ஒரு நோட்டுப் போட்டிருக்கா, ஹாம்ஸ்டருக்கு ஒரு பக்கம், இவனுக்கு ஒரு பக்கம்.

11 ஆகஸ்ட் 2024

மகள் எழுதுறதைத் தினம் படிங்க தம்பி.

22 செப்டம்பர் 2024

மிளகி இன்னிக்குக் காலையில சட்டை உரிச்சா, ஒரே நீளமா, கண்ணு மேல இருக்கிற மெல்லிய மூடி ரெண்டும் சேர்ந்தே வந்துடுச்சு. ஈரத் துண்டுல விரிச்சு ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தேன். பழைய காயம் இருந்த இடத்துல ஏழு செதிலும் மத்ததை விட இன்னும் குறுகலாத்தான் இருக்கு, மூணாவது ரெண்டா பிளந்து வளர்ந்திருக்கு. படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "ஆறிடுச்சு. சாப்பிட்டுச்சா?"ன்னு பதில் வந்துச்சு. இன்னும் இல்லம்மா, நாளைக்குக் குடுப்பேன்.